விதியை எப்போது எழுத வேண்டும்?

கேரளத்தில் பொறியியல் கல்லூரிகளில் சேர விரும்புவோர் எழுதும் நுழைவுத் தேர்வு ‘கீம்’ எனப்படுகிறது. 2025ஆம் ஆண்டில் அத்தேர்வின் தரவரிசைப் பட்டியல் ஜூலை 1 அன்று வெளியானது. ஜூலை 9 அன்று கேரள உயர்நீதிமன்றம் அப்பட்டியலை நீக்கியது. மறுநாள் மாநில அரசின் மேல்முறையீடும் தள்ளுபடி ஆயிற்று. அன்றே புதிய பட்டியல் வந்தது. பழைய பட்டியலில் முதலிடம் பெற்றிருந்த மாணவர் புதியதில் ஏழாம் இடத்திற்கு இறங்கினார். முதல் நூறு இடங்களில் 43 பேராக இருந்த மாநிலப் பாடத்திட்ட மாணவர்கள் 21 பேராகக் குறைந்தனர். அவர்கள் இழந்த இடங்களை அடைந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் உங்களைப் போலவே சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் படித்தவர்கள்.

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரண்டு பாடத்திட்டத்துப் பிள்ளைகளும் ஒரே தெருவில் வாழ்கின்றனர். ஒரே மைதானத்தில் விளையாடுகின்றனர். பத்து நாள்களுக்குள் ஒரு வீட்டின் மகிழ்ச்சி சுவரைத் தாண்டி அடுத்த வீட்டிற்குச் சென்றது என்றால், இதில் நியாயம் எந்தப் பக்கம் இருந்தது என்று நாம் கேட்டாக வேண்டும். நமக்குச் சாதகமாக முடிந்த வழக்கு என்பதால் கேட்காமல் விட்டுவிடுதல் தகாது.

முதலில் கணக்கைப் புரிந்துகொள்வோம். கீம் தரவரிசையில் நுழைவுத் தேர்வுக்கு 300 மதிப்பெண்; பன்னிரண்டாம் வகுப்பில் பெற்ற கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களுக்கு 300; ஆக மொத்தம் 600. இரண்டாவது பகுதியில்தான் சிக்கல். ஒவ்வொரு கல்வி வாரியமும் தன் வினாத்தாளைத் தானே அமைக்கிறது, தானே திருத்துகிறது. ஒரு வாரியத்தில் பெற்ற 95, மற்றொன்றில் பெற்ற 95க்கு நிகராகுமா? ஆகாது என்பதனால் மதிப்பெண்களைச் சமன்படுத்துகின்றனர். கேரளம் பத்தாண்டுகளுக்கும் மேலாகக் கையாண்ட முறை, ஒரு வாரியத்தின் சராசரியையும் திட்டவிலக்கத்தையும் கொண்டு கணக்கிடுவது. எடுத்துக்காட்டாக, ஒரு வாரியத்தில் சராசரி 80, திட்டவிலக்கம் 10 என்று கொள்வோம். மற்றொன்றில் சராசரி 65, திட்டவிலக்கம் 15. முதல் வாரியத்தில் 95 பெற்றவர் சராசரியை விட ஒன்றரை மடங்கு விலக்கம் உயர்ந்து நிற்கிறார்; இரண்டாம் வாரியத்தில் அதே 95 பெற்றவர் இரண்டு மடங்கு உயர்ந்து நிற்கிறார். ஆகவே இரண்டாமவருக்குக் கூடுதல் மதிப்பு.

கணக்கில் பிழையில்லை. ஆயினும் அதன் விளைவைப் பாருங்கள். தாராளமாக மதிப்பெண் வழங்கும் வாரியத்தில் படித்த பிள்ளை, முழு மதிப்பெண் பெற்றாலும் சமன்படுத்திய பின் சில மதிப்பெண்களை இழக்கிறது. நூற்றுக்கு நூறு எடுத்தவர் அதற்கு மேல் என்ன செய்ய முடியும்? மாநிலப் பாடத்திட்ட மாணவர்கள் ஆண்டுதோறும் எழுப்பிவந்த குறை இதுவே. திருத்துபவர் தாராளமாகத் திருத்தியதற்கு, எழுதியவர் விலை கொடுக்கிறார்.

அக்குறையைத் தீர்க்க அரசு 2025இல் தேர்ந்தெடுத்த முறை, நம் எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் வழக்கத்தில் உள்ளதை ஒத்தது. ஒவ்வொரு வாரியத்திலும் ஒரு பாடத்தில் முதலிடம் பெற்ற மாணவரின் மதிப்பெண்ணை 100 ஆகக் கொண்டு, மற்றவர்களுடையதை அதே விகிதத்தில் உயர்த்துவது அம்முறை. உயர்ந்த மதிப்பெண் 95 ஆக இருந்தால், 76 பெற்றவர் 80 பெற்றவராகக் கருதப்படுவார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் சரிபார்க்கக்கூடிய கணக்கு இது. என் கருத்தில் அது பழைய முறையினும் எளியது. முழு மதிப்பெண் பெற்றவரைத் தண்டிக்காதது. இத்துடன் மூன்று பாடங்களுக்கும் சமமாக இருந்த பங்கினை 5:3:2 எனக் கணிதத்திற்கு மிகுதியாக வகுத்தனர்.

அப்படியானால் நீதிமன்றம் ஏன் அதனை நீக்கியது? முறை நல்லதா தீயதா என்பதன்று அங்கு எழுந்த கேள்வி. அது எப்போது புகுத்தப்பட்டது என்பதே கேள்வி. தேர்வு ஏப்ரல் மாதத்தில் முடிந்துவிட்டது. மாணவர்கள் நுழைவுத் தேர்வில் எத்தனை மதிப்பெண் பெற்றனர் என்பதும் வெளியாகிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகளும் கையில் இருந்தன. அதற்கெல்லாம் பின்னர், தரவரிசைப் பட்டியல் வெளியாகும் நாளில் விதி திருத்தப்பட்டது. ஆட்டம் முடிந்த பின் ஆட்டவிதியை மாற்றக் கூடாது என்னும் நெறியைக் கொண்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றமும் அவ்வாண்டுச் சேர்க்கையில் தலையிட மறுத்தது.

அரசின் பக்கமும் ஒரு வாதம் இருந்தது. தேர்வுக்கு முன் வெளியிடப்படும் பிராஸ்பெக்டஸ் என்னும் விளக்கக் குறிப்பேட்டில், தேவைப்படின் அரசு எதனையும் திருத்தலாம், சேர்க்கலாம், நீக்கலாம் என்றொரு வரி உண்டு. அந்த வரி தந்த அதிகாரத்தையே பயன்படுத்தினோம் என்றனர். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

தீர்ப்பு சரியானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் சரியான தீர்ப்பு வந்ததனால் சரியான விதி வந்துவிடவில்லை. பழைய குறை அவ்வாண்டில் பழைய இடத்திலேயே நின்றது. தாமதமாக எழுதிய விதிக்காக அரசு இழந்தது ஒரு வழக்கு. மாநிலப் பாடத்திட்டத்தில் படித்த பிள்ளைகளோ தமக்குக் கிடைத்துவிட்டது என்று நம்பிய இடத்தையே இழந்தனர். ஓராண்டு முன்னதாக, யார் எவ்வளவு பெறுவார் என்று எவருக்கும் தெரியாத காலத்தில் அதே விதியை எழுதியிருந்தால், அதனை ஏற்பதற்கு நம்மவர்க்கும் தடையிருந்திராது. தனக்கு எந்தத் துண்டு கிடைக்கும் என்று அறியாதவன் அப்பத்தைச் சமமாகவே வெட்டுவான்.

களியக்காவிளையைக் கடந்தால் வேறொரு விதி ஆள்கிறது. தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வே இல்லை. 2006இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியாக அது நீக்கப்பட்டது. கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கணக்கிடும் ‘கட்-ஆஃப்’ மதிப்பெண்ணே அங்கு எல்லாம். பயிற்சி மையத்திற்குப் பணம் கட்ட முடியாத கிராமத்துப் பிள்ளையைக் காப்பதற்கென்று வந்த சட்டம் அது. பெருமளவு காத்தும் இருக்கிறது. 2021 முதல் அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தோருக்கு 7.5 விழுக்காடு இடங்களும் தனியே வழங்கப்படுகின்றன. இருப்பினும் தனியார் விடுதிப் பள்ளிகள் சில, பதினோராம் வகுப்புப் பாடத்தையே கைவிட்டு, இரண்டு ஆண்டுகளும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை மனப்பாடம் செய்வித்தன. அதனைத் தடுக்க 2017-18இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைக்க வேண்டியதாயிற்று. விதி எங்கே இருக்கிறதோ அங்கே அதனைச் சுற்றிப் போகும் ஒற்றையடிப் பாதையும் இருக்கும் போலும். இருவரும் எல்லா மதிப்பெண்களிலும், பிறந்த நாளிலும்கூட ஒத்திருந்தால் கணினி முன்கூட்டியே தந்த ‘ரேண்டம் எண்’ கொண்டு முடிவு செய்வார்கள். கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும் இந்த முறைதான் நான் அறிந்தவற்றுள் குறை சொல்ல இயலாதது. ஏனெனில் அந்த எண் பட்டியலுக்கு முன்பே வழங்கப்படுகிறது.

இப்போது நம் இடத்திற்கு வருவோம். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அந்தக் கோட்டின் இரு பக்கமும் மொழி ஒன்றோடொன்று கலந்தே கிடக்கிறது. ஆனால் கல்லூரி விண்ணப்பம் கலப்பை ஏற்காது. ‘உன் மாநிலம் எது?’ என்று ஒரே ஒரு கட்டத்தில் கேட்கும்.

ஒரு சான்றைக் காண்போம். என்.ஐ.டி. எனப்படும் தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் பாதி இடங்கள் அந்தந்த மாநில மாணவர்க்கு உரியவை. அங்கே ‘சொந்த மாநிலம்’ என்பது பாட்டனார் ஊரும் அன்று, தாய்மொழியும் அன்று. பன்னிரண்டாம் வகுப்பை எந்த மாநிலப் பள்ளியில் முடித்தீர்களோ அதுவே. பாறசாலையில் பன்னிரண்டாம் வகுப்பு எழுதிய பிள்ளைக்குக் கோழிக்கோடு சொந்தம். சில கிலோமீட்டர் தெற்கே களியக்காவிளையில் எழுதிய பிள்ளைக்குத் திருச்சிராப்பள்ளி சொந்தம். இருவரும் உடன்பிறந்தோராகவும் இருக்கலாம். இந்த விதி நமக்கு வசதியா இல்லையா என்பது வேறு. அது தெளிவானது, முன்பே தெரிந்தது.

மாநில அரசுகளின் விதிகளோ அவ்வளவு எளியவை அல்ல. கேரளத்தைப் பூர்வீகமாகக் கொள்ளாத பிள்ளை, எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை இங்கேயே படித்திருந்தால், கீம் தரவரிசையின் பொதுத்தகுதி இடங்களில் போட்டியிடலாம். ஆனால் சமூக ஒதுக்கீட்டையோ கட்டணச் சலுகையையோ கேட்க இயலாது. தமிழ்நாட்டிற்கு விண்ணப்பிக்கலாமே என்றால், எட்டு முதல் பன்னிரண்டு வரை அங்கே படிக்காதவர்கள் இருப்பிடச் சான்றிதழ் கொண்டு தம் பூர்வீகத்தை மெய்ப்பிக்க வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்க்கான 7.5 விழுக்காடும் அவர்களுக்கு இல்லை. ஆக, அங்கே சொந்தம் என்பதற்குத் தாள் வேண்டும். இங்கே சொந்தமாக இருந்தும் முழுமையாக இல்லை.

இதன் வேர் ஒரு பழைய வழக்கில் இருக்கிறது. ஆந்திரத்தில் பழங்குடியினர் பட்டியலில் இருந்த சமூகத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவர், தந்தையின் வேலை காரணமாகச் சிறுவயதிலேயே மும்பைக்கு வந்து அங்கேயே வளர்ந்தார். மும்பை மருத்துவக் கல்லூரியில் பழங்குடியினர் இடம் கேட்டபோது மறுக்கப்பட்டார். மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கு என்று அறியப்படும் அதில், 1990இல் உச்ச நீதிமன்றம், ஒரு மாநிலத்தில் பெற்ற பட்டியல் உரிமை மற்றொரு மாநிலத்திற்குக் கூடவே வருவதில்லை என்று தீர்ப்பளித்தது. ஒரு சமூகம் ஒரு நிலப்பகுதியில் பட்ட இன்னலைக் கருதியே அப்பட்டியல் வகுக்கப்படுகிறது; வேறு நிலத்தில் அதே பெயருடையோர் அதே இன்னலைப் பட்டிருக்க வேண்டியதில்லை என்பது அதன் அடிப்படை.

அந்த அடிப்படை எனக்குப் புரிகிறது. எனினும் அதில் நிறைவு கொள்ள என்னால் இயலவில்லை. செங்கற்சூளைக்கும் கட்டட வேலைக்கும் பாத்திரக் கடைக்கும் பிழைப்புத் தேடி வந்த குடும்பம், தன் ஏழ்மையைக் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் இறக்கி வைத்துவிட்டு வருவதில்லை. பத்தாண்டுகள் ஒரு மாநிலத்தில் உழைத்து, அதன் கடைகளில் வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் வரி செலுத்தி, பிள்ளையை அதன் பள்ளிகளில் படிக்க வைத்த பெற்றோர்க்கு, கல்லூரிக் கட்டணச் சலுகையாவது வருமானத்தை மட்டும் பார்த்து வழங்கப்பட வேண்டும். பட்டியல் உரிமையைத் தொடாமலேயே இதனைச் செய்யலாம். இடத்திற்குத் தகுதி இருந்தும் கட்டணத்திற்கு வழியில்லாமல் திரும்பும் பிள்ளைக்கு, தரவரிசை எண் வெறும் எண்ணே.

இத்தனை முயற்சியும் எதற்காக? கணினி அறிவியலுக்காக என்று உங்களில் பலர் சொல்வீர்கள். அதில் வியப்பில்லை. இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்காவாகிய டெக்னோபார்க் 1990இல் தொடங்கப்பட்ட கழக்கூட்டம், நெய்யாற்றின்கரையிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். சூளையில் கல் சுமந்தவரின் மகள் குளிரூட்டிய அறையில் அமர்ந்து மாதச் சம்பளம் பெறும் வாய்ப்பை இத்துறை தந்தது. அதனைக் குறைத்துப் பேசுவோர் பெரும்பாலும் கல் சுமந்திராதவர்.

ஆனால் வாயிலைக் கடந்து உள்ளே சென்றபின், கல்லூரிச் சேர்க்கையில் நாம் கேட்ட அதே கேள்வி மீண்டும் எழுகிறது. 2022இல் தேர்வு செய்யப்பட்ட பட்டதாரிகள் பலர், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து 2024இல்தான் இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் மைசூரு பயிற்சி வளாகத்திற்கு அழைக்கப்பட்டனர். 2025 பிப்ரவரியில் அவர்களுள் 300க்கும் மேற்பட்டோர் உள்தேர்வில் தேறவில்லை என்று வெளியேற்றப்பட்டனர். மூன்று வாய்ப்புகள் அளித்தோம், இந்த நிபந்தனை ஒப்பந்தத்திலேயே உள்ளது என்றது நிறுவனம். தேர்வு முன்னைவிடக் கடினமாக்கப்பட்டது என்றனர் வெளியேறியவர்கள். தேர்வின் கடுமையைப் பற்றி வெளியிலிருந்து நாம் தீர்ப்புக் கூற முடியாது. ஆனால் இரண்டு ஆண்டுக் காத்திருப்பு எந்த ஒப்பந்தத்தில் இருந்தது? வேறு வேலை தேடியிருக்கக்கூடிய இரண்டு ஆண்டுகள் அவை.

நேரத்தைப் பற்றிய பேச்சும் அவ்வாறே. 2023இல் இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரத்திற்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 தொடக்கத்தில் எல் அண்ட் டி நிறுவனத் தலைவர் சுப்பிரமணியன் 90 மணி நேரம் என்று பேசியது வெளிவந்தது. வகுத்துப் பாருங்கள்: ஆறு நாள் வாரத்தில் 90 மணி என்றால் நாளொன்றுக்குப் 15 மணி. மீதமுள்ள ஒன்பது மணியில் உறங்க வேண்டும், உண்ண வேண்டும், பாறசாலைக்கு வண்டி பிடிக்கவும் வேண்டும். கேரளத்தின் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம் 1960இலேயே நாளுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என்று எழுதி வைத்திருக்கிறது.

எழுதியிருந்தும் ஏன் மீறப்படுகிறது? ஒரு காரணம் கடிகாரம். அமெரிக்க வாடிக்கையாளருக்காக இங்கே வேலை நடக்கிறது. நியூயார்க்கில் காலை 10 மணிக்குக் கூட்டம் என்றால், கோடைக்காலத்தில் நமக்கு மாலை 7.30, குளிர்காலத்தில் 8.30. காலையில் அலுவலகம் வந்தவர் அக்கூட்டத்திற்கும் இருக்க வேண்டும். இது இயற்கை தந்த சிக்கல், யாரும் திட்டமிட்டதன்று. ஆயினும் மாலையில் வேண்டுமென்றால் காலையில் தாமதமாக வரச் சொல்லலாம். சில நிறுவனங்கள் அவ்வாறு செய்கின்றன. செய்யாதவை, ‘சூழ்நிலைக்கேற்ப ஒத்துழைக்க வேண்டும்’ என்னும் சொற்றொடரில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகின்றன.

2024இல் கொச்சியைச் சேர்ந்த இளம் கணக்காயர் ஒருவர், புனேயில் பன்னாட்டு நிறுவனமொன்றில் சேர்ந்த நான்கே மாதங்களில் இறந்தார். அவருடைய தாய் அந்நிறுவனத் தலைவருக்கு எழுதிய கடிதம் நாடெங்கும் படிக்கப்பட்டது. மகள் அளவுக்கு மீறிய வேலைச் சுமையால் நலிந்தாள் என்று தாய் எழுதினார்; வேலைச் சுமையே காரணம் என்பதை நிறுவனம் மறுத்தது. அக்கடிதத்திற்குப் பின்னரே பல வீடுகளில், ‘எவ்வளவு சம்பளம்?’ என்பதோடு ‘எத்தனை மணிக்கு வீடு திரும்புவாய்?’ என்ற கேள்வியும் கேட்கப்படலாயிற்று.

இனி, நான் நினைவில் வைக்கச் சொன்ன வரி. தேவைப்படின் எதனையும் திருத்தலாம் என்று கீம் விளக்கக் குறிப்பேட்டில் இருந்த அதே வரி, சற்றே வேறு சொற்களில், பணி வாய்ப்புக் கடிதங்களிலும் இருப்பதுண்டு. பணிநேரம், பணியிடம், பணியின் தன்மை ஆகியவற்றை நிறுவனம் தன் தேவைக்கேற்ப மாற்றலாம் என்று அது சொல்லும். இடையில் விலகினால் இவ்வளவு தொகை கட்ட வேண்டும், மூன்று மாதம் முன்னறிவிப்பு வேண்டும் என்னும் வரிகள் பணியாளரை இறுகக் கட்டும். நிறுவனத்தைக் கட்டும் வரிகள் சில கடிதங்களில் மிகக் குறைவு. கல்லூரிச் சேர்க்கையில் அந்த வரியைக் காட்டிய அரசை மாணவர்கள் நீதிமன்றத்திற்கு அழைத்தனர்; எட்டு நாளில் விடை கிடைத்தது. வேலையில் சேரும் நாளில், இருபத்திரண்டு வயதில், வீட்டில் அனைவரும் மகிழ்ந்திருக்கும் வேளையில், அந்த வரியின் கீழ்தான் கையெழுத்துக் கேட்பார்கள். அதற்கு மேல் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்பவர் இப்போதைக்கு மிகச் சிலர்.